100 ரூபாய்க்கு 33: திவால் சட்டம் யாருக்கு?

வாசகர் கேள்வி, 2025 மே 5

"பூஷன் பவர் கம்பெனி பாங்க்குகளுக்கு வைத்த பாக்கி 47,000 கோடிக்கு மேல். பாங்க்குகள் 19,350 கோடியை வாங்கிக்கொண்டு மீதியைத் தலைமுழுகிவிட்டன. நான் வீட்டுக்கடனில் இரண்டு தவணை தவறினால் வாசலில் ஆள் வந்து நிற்கிறது. திவால் சட்டம் என்பது பெரிய கடன்காரர்களுக்கு அரசாங்கமே கட்டிக்கொடுத்த புறவாசல். எல்லா நாட்டிலும் இதே கதைதான். இல்லையென்று சொல்ல யாராவது இருந்தால் சொல்லுங்கள்."

2025 மே 6

பாதி சரி, பாதி தப்பு. தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் சுலபம்.

47,000 கோடி என்பது கேட்ட தொகை. அசல், வட்டி, வட்டிக்கு வட்டி எல்லாம் அதில் அடக்கம். 19,350ஐ அதோடு வைத்துப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் ஒப்பிட வேண்டியது வேறு: அந்தத் தொழிற்சாலையைப் பிரித்துத் துண்டு துண்டாக விற்றிருந்தால் என்ன தேறியிருக்கும்? சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். ஐ.பி.சி. வந்த பிறகு தீர்வு கண்ட கம்பெனிகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கடன் கொடுத்தவர்களுக்கு வந்தது கோரிக்கையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. அதே பணம், கலைத்து விற்றிருந்தால் வந்திருக்கக்கூடியதைப் போல ஏறக்குறைய 1.7 மடங்கு. சட்டத்தைத் திட்டுகிறவர் முதல் எண்ணைச் சொல்வார், புகழ்கிறவர் இரண்டாவதைச் சொல்வார். இரண்டுமே பொய்யில்லை.

"எல்லா நாட்டிலும் இதே கதை" என்பதும் இல்லை. இந்தியாவில் வழக்கு அனுமதிக்கப்பட்ட அன்றே பழைய இயக்குநர் குழு முடக்கப்படும். சாவி, கம்பெனி வழக்குகளுக்கான தீர்ப்பாயம் நியமிக்கும் தீர்வு நிபுணர் கைக்குப் போகும், முடிவு கடன் கொடுத்தவர்கள் குழுவின் கையில். 2017 நவம்பரில் வந்த 29ஏ பிரிவு, கம்பெனியைக் கவிழ்த்தவரே அதை மலிவாகத் திரும்ப வாங்க வருவதைத் தடுத்தது. அமெரிக்கத் திவால் சட்டத்தின் 11ஆம் அத்தியாயத்தில் நேர் எதிர்: பழைய நிர்வாகமே நாற்காலியில் உட்கார்ந்து கம்பெனியைச் சரிசெய்யும்.

மே 2ஆம் தேதித் தீர்ப்புக்கு வருவோம். பூஷனை 19,350 கோடிக்கு எடுத்துக்கொண்ட ஜே.எஸ்.டபிள்யூ. கம்பெனியின் தீர்வுத் திட்டத்தையே உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, பூஷனைக் கலைக்கச் சொல்லிவிட்டது. எனக்குச் சரியாகவே படுகிறது. கெடுவுக்குள் திட்டத்தை நிறைவேற்றவில்லை, சட்டம் சொன்ன படிகளைத் தாண்டியிருக்கிறார்கள். விதி என்றால் விதி.

தனிமனிதர் பற்றி நீங்கள் சொன்னதுதான் சரியான பாதி. அதற்கு அப்புறம் வருகிறேன்.

மே 6, இரவு

ஐ.பி.சி. என்றதும் "இதில் கொலைக் குற்றம் எங்கே வந்தது" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இது 2016இன் நொடிப்பு மற்றும் திவால் தொகுப்புச் சட்டம். தண்டனைச் சட்டமான பழைய ஐ.பி.சி. 2024 ஜூலையில் போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. ஆகவே இப்போது அந்தப் பெயர் முழுக்க எங்களுக்கே.

மே 8

இன்னொருவர் கேட்டது: "திட்டத்தைத் தீர்ப்பாயம் ஏற்றது 2019 செப்டம்பரில். ஜே.எஸ்.டபிள்யூ. பணம் கொடுத்துப் பொறுப்பேற்றது 2021 மார்ச்சில். நாலு வருடம் ஆலையை ஓட்டி, காசு போட்டுப் பெரிதாக்கியும்விட்டார்கள். இப்போது கலைப்பு என்றால் பாங்க்குகள் வாங்கிய 19,350 கோடியைத் திருப்பித் தருமா? யாரிடமிருந்து எடுத்து? நீங்கள் கணக்கு எழுதுகிறவர்தானே, எழுதிக் காட்டுங்கள்."

எழுதிப் பார்த்தேன். வரவில்லை.

மே 11

யோசித்ததில் பழைய காயம் ஒன்று திறந்துகொண்டது. என் சொந்தக் கதையைச் சொல்லாமல் இந்த விஷயத்தைப் பேசுவது நேர்மையில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன்.

நான் இயந்திர உதிரிப் பாகங்கள் சப்ளை செய்யும் சின்ன நிறுவனம் ஒன்றில் கணக்குப் பார்த்தேன். எங்களிடம் வாங்கிக்கொண்டிருந்த ஒரு தொழிற்சாலை 2018இல் இந்தச் சட்டத்துக்குள் போனது. எங்களுக்கு வர வேண்டியது 38 லட்சம். பத்திரிகையில் வந்த பொது அறிவிப்பை நான் பார்க்கவில்லை. யார்தான் அந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள்? அவர்களுடைய ஸ்டோர்ஸில் இருந்த ஒருவர் போனில் சொல்லித்தான் தெரிந்தது. 14 நாள் கெடு போய்விட்டிருந்தது. 90 நாளுக்குள் தரலாம் என்ற சலுகையில், 80ஆம் நாளுக்கு மேல் ஏதோ ஒரு நாள், பில்களையும் டெலிவரி சலான்களையும் கட்டிக்கொண்டு போய்க் கோரிக்கைப் படிவம் சி கொடுத்தேன்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. கடன் கொடுத்தவர்கள் குழு என்று சொல்கிறார்களே, அதில் பாங்க்குகள்தான். பொருள் கொடுத்த எங்களுக்கு அங்கே ஓட்டு கிடையாது. எங்கள் எல்லோருடைய பாக்கியும் சேர்ந்து மொத்தக் கடனில் 10 சதவீதத்தைத் தொட்டால் ஒரு பிரதிநிதி போய் உட்காரலாம், கேட்கலாம், ஓட்டுப் போட முடியாது. கல்யாண வீட்டில் தெருவில் நின்று நாதஸ்வரம் கேட்பது மாதிரி.

சட்டம் எங்களுக்குத் தரும் உத்தரவாதம் ஒன்றுதான்: கம்பெனியைக் கலைத்தால், அல்லது திட்டப் பணத்தை 53ஆம் பிரிவின் வரிசைப்படி பிரித்தால், எங்களுக்கு என்ன வருமோ அதற்குக் குறையக் கூடாது. அந்த வரிசையில் முதலில் வழக்குச் செலவு. அடுத்து தொழிலாளர்களின் 24 மாதப் பாக்கியும் அடமானக் கடனும் சமமாக. பிறகு மற்ற ஊழியர்களின் 12 மாதச் சம்பளம், அடமானம் இல்லாத நிதிக் கடன், அரசாங்க பாக்கி. எங்களுக்குக் கீழே பங்குதாரர்கள் மட்டும்தான். பானை எங்களிடம் வரும்போது கழுவியே வைத்திருப்பார்கள்.

திட்டம் நிறைவேறி 2021இல் எங்கள் கணக்கில் விழுந்தது 1 லட்சத்து 14 ஆயிரம். மூன்று சதவீதம். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை.

ஆனால் என் முதலாளி அழுதது அந்த 97 சதவீதத்துக்காக இல்லை. "இதை முதல் மாதமே சொல்லியிருந்தால் வராக்கடன் என்று எழுதிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேனே, மூணு வருஷம் வரும் வரும் என்று கை கடன் வாங்கி ஓட்டினேனே" என்றார். அப்போது எனக்கு அது புலம்பலாகத்தான் கேட்டது.

மே 12

"பணம் வராத பில்லுக்கும் ஜி.எஸ்.டி. கட்டினீர்களா" என்று கேட்டவருக்கு: ஆமாம். பில் போட்ட மாதமே வரியை எங்கள் கையிலிருந்து கட்டியாயிற்று. வாங்கியவர் பணம் தராமல் கவிழ்ந்தாலும் அந்த வரி திரும்ப வராது. பிரிட்டனில் ஆறு மாதம் பாக்கி நின்றுவிட்டால் கட்டிய வாட் வரியைத் திரும்பக் கோரலாம். யார் திவாலானாலும் இந்திய அரசாங்கம் தன் பங்கை முன்கூட்டியே வாங்கிவிடுகிறது. திவால் சட்டத்தை எவ்வளவு திருத்தினாலும் இந்த ஓட்டை அடைபடாது, ஏனென்றால் அது இருப்பது வேறு சட்டத்தில்.

மே 27

நேற்று உச்ச நீதிமன்றம் பூஷன் கலைப்பை அப்படியே நிறுத்திவைத்தது. மே 8ஆம் தேதி நண்பர் சிரிக்கிறார் என்று தெரிகிறது.

ஜூன் 7

அமெரிக்கா பக்கம் போகலாம். "திவாலாகாமலே திவாலின் பலனை அனுபவிப்பது" என்று ஒரு கலை அங்கே வளர்ந்திருந்தது.

பர்டியூ பார்மா: ஆக்சிகான்டின் என்ற, ஆளை அடிமையாக்கும் வலி நிவாரணியை விற்ற கம்பெனி. உரிமையாளர்களான சாக்லர் குடும்பம் வழக்குகள் நெருங்கிய பத்தாண்டில் சுமார் 1,100 கோடி டாலரை வெளியே எடுத்துக்கொண்டது. கம்பெனி 2019இல் திவால் மனு போட்டது. குடும்பம் போடவில்லை. "நாங்கள் 600 கோடி வரை தருகிறோம், எங்கள்மீது இனி யாரும் வழக்குப் போடக் கூடாது" என்று கம்பெனியின் திட்டத்துக்குள்ளேயே ஒரு வரி சேர்த்தார்கள். 2024 ஜூன் 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று அதை வெட்டியது: திவால் மனு போடாதவருக்கு, பாதிக்கப்பட்டவர்களின் சம்மதம் இல்லாமல், விடுதலை தரத் திவால் சட்டத்தில் இடமில்லை.

அடுத்து ஜான்சன் அண்ட் ஜான்சன். குழந்தைப் பவுடரால் புற்றுநோய் வந்தது என்ற வழக்குகளை மட்டும் சுமக்க 2021 அக்டோபரில் டெக்சாஸ் சட்டப்படி ஒரு கம்பெனியைப் பிளந்து இன்னொன்றைப் பெற்றெடுத்தார்கள். குழந்தை பிறந்த சில நாளிலேயே திவால் மனு. நடன அடவு மாதிரி 'டெக்சாஸ் டூ-ஸ்டெப்' என்று பெயர். 2023 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளியது: தாய் வீட்டில் அவ்வளவு காசு இருக்கும்போது இது நொடிப்பே இல்லை என்றது. மறுபடி போட்டார்கள், அதுவும் 2023 ஜூலையில் தள்ளுபடி. மூன்றாவது முறை வேறு பெயரில் ஹூஸ்டனில், அதுவும் இந்த மார்ச் 31 அன்று நிராகரிப்பு.

இதை இந்தியாவோடு வைத்துப் பாருங்கள். இங்கே கம்பெனியின் கடன் தீர்ந்தாலும் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் தப்ப முடியாது. 2021 மே மாதம் லலித் குமார் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது. கம்பெனிக்குப் புது வாழ்வு, ஜாமீன்காரருக்கு நோட்டீஸ். என் உறவினர் ஒருவர் தம்பியின் கம்பெனிக்கு "ஒரு கையெழுத்துதானே" என்று போட்டவர். கம்பெனி வேறு ஆள் கையில் நன்றாக ஓடுகிறது. இவர் இன்னும் வாய்தாவுக்குப் போய் வருகிறார். அங்கே கோடீஸ்வரக் குடும்பம் தப்பிக்கப் பார்த்தது, இங்கே குமாஸ்தா மாட்டிக்கொண்டார் என்று எழுதத்தான் கை வருகிறது. ஆனால் இங்கே அதே கயிற்றில் பெரிய தொழிலதிபர்களும்தான் தொங்குகிறார்கள்.

ஜூன் 9

ஒரு விளக்கம். பர்டியூ தீர்ப்பு எல்லா விடுவிப்பையும் தடுத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சம்மதித்தவர்கள் விடுவிக்கலாம். எனவே இப்போது அங்கே சண்டை, எதைச் சம்மதம் என்பது. தபாலில் வந்த படிவத்தில் 'எனக்கு உடன்பாடில்லை' என்ற கட்டத்தில் டிக் அடிக்காதவர் சம்மதித்தவரா? சில நீதிபதிகள் ஆம் என்கிறார்கள், சிலர் இல்லை என்கிறார்கள். மௌனம் சம்மதம் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் முடித்துவைத்த விஷயத்துக்கு அங்கே மணிக்கணக்கில் கட்டணம் வாங்கி வாதாடுகிறார்கள்.

ஜூன் 21

"பாக்கி வராது என்று தெரிந்தால் நேரில் போய் உட்கார்ந்து வாங்கிவிட வேண்டியதுதானே" என்று கேட்டவருக்காக இது.

போய் உட்கார்ந்தேன். மேலே சொன்ன கம்பெனி இல்லை, வேறொன்று. மூன்று நாள் அவர்களுடைய வரவேற்பறையில் உட்கார்ந்து 6 லட்சத்துக்குச் செக் வாங்கி வந்தேன். ஆபீஸில் எனக்குப் பாராட்டு. ஏழு மாதம் கழித்து அந்தக் கம்பெனி திவால் சட்டத்துக்குள் போனது. எட்டாம் மாதம் தீர்வு நிபுணரிடமிருந்து கடிதம்: நீங்கள் வாங்கிய 6 லட்சம் கடன் கொடுத்த மற்றவர்களைவிட உங்களுக்குக் காட்டப்பட்ட முன்னுரிமை, விளக்கம் தருக.

43ஆம் பிரிவு. திவால் தொடங்கிய நாளிலிருந்து பின்னோக்கி ஒரு வருடம், சொந்தபந்தக் கம்பெனி என்றால் இரண்டு வருடம். அமெரிக்காவில் 90 நாள், உள்ளாட்களுக்கு ஒரு வருடம். நியாயம் புரிகிறது: மூழ்கும் கப்பலில் சத்தம் போட்டவனுக்கு மட்டும் படகு தரக் கூடாது. ஆனால் சத்தம் போட்டவன் நானாக இருந்தபோது புரியவில்லை.

வழக்கமான வியாபாரத்தில் நடந்த பட்டுவாடா என்றால் தப்பலாம். சட்டத்தில் 'கொடுத்தவர் அல்லது வாங்கியவரின்' வழக்கமான வியாபாரம் என்று இருக்கிறது. 2020 பிப்ரவரியில் ஜேபி இன்ஃப்ராடெக் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த 'அல்லது'வை 'மற்றும்' என்று படித்தது. ஒரே ஒரு இடைச்சொல். என் பக்கம் வழக்கமானதாக இருந்தால் போதாது, அவர்கள் பக்கமும் இருக்க வேண்டும். ஐந்து வருடக் கணக்கு லெட்ஜரை நகல் எடுத்து அனுப்பி, எப்போதுமே தாமதமாகத்தான் தருவார்கள், எப்போதுமே நான் போய்த்தான் வாங்குவேன் என்று காட்டினேன். விட்டுவிட்டார்கள். அவர்களுடைய கெட்ட பழக்கம் என்னைக் காப்பாற்றியது.

ஜூலை 3

பிரிட்டன். சுருக்கமாக. 2020இல் கொண்டுவந்த மறுசீரமைப்புத் திட்டத்தில், கடன் கொடுத்தவர்களில் ஒரு வகுப்பு முழுக்க எதிர்த்தாலும் நீதிமன்றம் அவர்கள்மீது திட்டத்தைத் திணிக்கலாம். எதிர்க்கிறவருக்குத் 'திட்டம் இல்லாவிட்டால் உனக்கு எப்படியும் பூஜ்யம், ஆகவே வாயை மூடு' என்பதே இதுவரை பதில். நேற்று முன்தினம் பெட்ரோஃபாக் கம்பெனியின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மீட்பால் பிறக்கும் லாபத்தை யார் யார் எப்படிப் பங்குபோடுகிறார்கள், அது நியாயமா என்றும் காட்ட வேண்டும் என்றது.

என் முதலாளிக்கு இதை அனுப்பினேன். "நல்லா இருக்கு. நமக்கு எப்ப?" என்று பதில்.

ஆகஸ்ட் 1

நேற்று உச்ச நீதிமன்றம் மே 2 தீர்ப்பையே திரும்பப் பெற்றுக்கொண்டது. மறுபடி முதலிலிருந்து விசாரிக்கும். ரீகால்.

நானும் மே 6இல் எழுதிய "எனக்குச் சரியாகவே படுகிறது" என்ற வரியைத் திரும்பப் பெறுகிறேன். உச்ச நீதிமன்றத்துக்கு மூன்று மாதம் ஆனது, எனக்கும் அவ்வளவே. விதி மீறல் இல்லை என்று சொல்லவில்லை. மீறலைக் கண்டுபிடிக்க ஒரு கெடு இருக்க வேண்டும், அந்தக் கெடு பணம் கைமாறுவதற்கு முன்னால் இருக்க வேண்டும். நாலு வருடம் கழித்து முட்டையை மறுபடி ஓட்டுக்குள் ஊற்றச் சொன்னால் எவன் அடுத்த நொடித்த கம்பெனியை வாங்க வருவான்? வந்தாலும் அந்தப் பயத்துக்கும் சேர்த்து விலையைக் குறைத்துத்தான் கேட்பான். அதாவது 33 என்பது 25 ஆகும். சதவீதத்தைத் தின்பது காலம்தான். என் முதலாளி 2021இலேயே இதைச் சொல்லிவிட்டார். அந்தப் புலம்பலை நான்தான் சரியாகக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 14

நேற்று முன்தினம் மக்களவையில் ஐ.பி.சி. திருத்த மசோதா. தேர்வுக் குழுவுக்குப் போயிருக்கிறது.

கவனிக்க வேண்டியது அனுமதி விஷயம். மனு போட்ட 14 நாளில் தீர்ப்பாயம் முடிவு சொல்ல வேண்டும் என்று சட்டத்தில் முன்பே இருக்கிறது. நீதிமன்றங்கள் அதை 'வழிகாட்டும் விதி' என்று வகைப்படுத்திவிட்டன. அதாவது, முடிந்தால் செய். போதாக்குறைக்கு 2022இல் விதர்பா வழக்கில், கடன் தவறியது நிரூபணமானாலும் அனுமதிப்பதும் அனுமதிக்காததும் தீர்ப்பாயத்தின் இஷ்டம் என்று ஆகிவிட்டது. மசோதா அந்த இஷ்டத்தை எடுத்துவிடுகிறது. 2019இலும் இப்படித்தான் 330 நாளில் 'கட்டாயமாக' முடிக்க வேண்டும் என்று எழுதினார்கள். அதே வருடம் நவம்பரில் எஸ்ஸார் ஸ்டீல் தீர்ப்பில் அந்தக் 'கட்டாயமாக' என்ற ஒரே சொல்லை உச்ச நீதிமன்றம் நீக்கியது. வழக்காடியவர் தப்பில்லாமல் நீதிமன்றத் தாமதத்துக்கு அவரைத் தண்டிக்கக் கூடாது என்பது காரணம். நியாயமான காரணம்தான், அதுதான் எரிச்சல்.

நீதிபதி நாற்காலி காலியாக இருக்கும்போது கெடு எழுதி என்ன பயன்?

நீதிமன்றத்துக்கு வெளியே பாங்க்குகளே தொடங்கும் ஒரு முறையும் மசோதாவில் உண்டு, அதில் பழைய நிர்வாகம் நாற்காலியில் இருக்கும். 2016இல் அமெரிக்க முறை வேண்டாம் என்றவர்கள் பத்து வருடத்தில் அந்தப் பக்கம் ஒரு ஜன்னல் திறக்கிறார்கள்.

ஆகஸ்ட் 26

சீனாவின் வீடு கட்டும் கம்பெனி எவர்கிராண்டே நேற்று ஹாங்காங் பங்குச் சந்தையிலிருந்து நீக்கப்பட்டது. கடன் 30,000 கோடி டாலருக்கு மேல். ஹாங்காங் நீதிமன்றம் கலைப்பு உத்தரவு போட்டது 2024 ஜனவரி 29. கலைப்பாளர்களிடம் வந்த கோரிக்கை 4,500 கோடி டாலர் அளவில், அவர்கள் இதுவரை விற்றுத் தேற்றியது 25.5 கோடி. சொத்தெல்லாம் சீனப் பெருநிலத்தில், உத்தரவு ஹாங்காங்கில். 2021இல் இரு தரப்பும் செய்துகொண்ட ஏற்பாட்டில் ஷாங்காய், ஷென்சென், சியாமென் ஆகிய மூன்று நகர நீதிமன்றங்கள் மட்டும்தான் ஹாங்காங் கலைப்பாளரை ஏற்கலாம். சாவி ஒருவரிடம், பூட்டு வேறு வீட்டில்.

இந்தியர் சிரிக்க வேண்டாம். எல்லை தாண்டிய நொடிப்புக்கு 1997இலேயே ஐ.நா.வின் மாதிரிச் சட்டம் வந்துவிட்டது. அமெரிக்கா, பிரிட்டன், சிங்கப்பூர் எல்லாம் எடுத்துக்கொண்டன. இந்தியா இன்னும் எடுக்கவில்லை. ஜெட் ஏர்வேஸுக்கு ஒரே சமயத்தில் இந்தியாவிலும் நெதர்லாந்திலும் திவால் வழக்கு நடந்தது. 2019இல் இரு தரப்பு நிர்வாகிகளும் உட்கார்ந்து ஒரு ஒப்பந்தம் எழுதிச் சமாளித்தார்கள்.

இலங்கை வாசகர் "நாடே திவாலானால்?" என்று கேட்டிருந்தார். நாட்டுக்குத் திவால் சட்டமே கிடையாது, அதுதான் வேதனை. 2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை வெளிக்கடனை நிறுத்தியது. கடன் பத்திரங்களை மாற்றி முடிக்க 2024 டிசம்பர் ஆனது. இடையில் மொரட்டோரியம் (வசூலுக்குத் தற்காலிகத் தடை) போட நீதிமன்றம் இல்லை, முரண்டு பிடிக்கிறவரை அடக்கக் கம்பெனி வழக்கில் இருப்பது போல 66 சதவீத ஓட்டு இல்லை, பெரும்பாலோர் எடுத்த முடிவு எல்லோரையும் கட்டும் என்று பத்திரத்திலேயே எழுதிவைத்த கூட்டு முடிவு விதியை நம்பித்தான் ஓட்ட வேண்டும். அந்த விதி இல்லாத பழைய பத்திரங்களை வைத்துக்கொண்டு ஒரு நிதியம் அர்ஜென்டினாவை எப்படித் துரத்தியது தெரியுமா? 2012 அக்டோபரில் கானா துறைமுகத்தில் அந்த நாட்டுக் கடற்படையின் பயிற்சிக் கப்பலையே மாலுமிகளோடு பிடித்துவைத்தார்கள். சர்வதேச நீதிமன்றம் தலையிட்டு டிசம்பரில்தான் விட்டார்கள். வாசலில் ஆள் வந்து நிற்பது வீட்டுக்கடன்காரருக்கு மட்டுமில்லை.

ஆகஸ்ட் 26, சற்று நேரம் கழித்து

மேலே 'சர்வதேச நீதிமன்றம்' என்றது தவறு. சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயம், ஹாம்பர்க்கில் இருப்பது.

செப்டம்பர் 7

"முழுப் பணமும் வட்டியோடு கிடைத்த திவால் உண்டா" என்றால் உண்டு. ஆனால் வாங்கியவர்கள் திட்டிக்கொண்டே வாங்கினார்கள்.

எஃப்.டி.எக்ஸ். கிரிப்டோ சந்தை 2022 நவம்பர் 11இல் மனு போட்டது. 2024 அக்டோபரில் ஏற்கப்பட்ட திட்டப்படி பெரும்பாலானோருக்குக் கோரிக்கையில் சுமார் 118 சதவீதம். கேட்க அமோகமாக இருக்கிறது. ஆனால் கோரிக்கையின் மதிப்பு மனு போட்ட நாளின் விலை: ஒரு பிட்காயினுக்குச் சுமார் 16,871 டாலர். திட்டம் ஏற்கப்பட்டபோது சந்தையில் அது 60,000க்கு மேல். நாணயமாக வைத்திருந்தவனுக்கு டாலராகத் தந்து 'நூற்றுக்கு நூற்றுப் பதினெட்டு' என்றார்கள்.

மவுண்ட் காக்ஸ் இன்னும் விசித்திரம். ஜப்பானில் 2014 பிப்ரவரியில் கவிழ்ந்த சந்தை. 8,50,000 நாணயம் காணோம் என்றார்கள், பிறகு 2,00,000 பழைய பணப்பை ஒன்றில் அகப்பட்டது. திவால் சட்டப்படி கோரிக்கை 2014இன் விலையில், நாணயத்துக்கு 483 டாலர் அளவில் உறைந்தது. 2017 முடிவில் விலை 20,000ஐ நெருங்கியபோது பார்த்தால், எல்லோருக்கும் பழைய விலையில் முழுசாகக் கொடுத்த பிறகும் மலையளவு மிச்சம், அது சட்டப்படி பங்குதாரருக்கு! அதாவது கவிழ்த்த பக்கத்துக்கே. 2018 ஜூனில் வழக்கைத் திவாலிலிருந்து சீரமைப்புச் சட்டத்துக்கு மாற்றி, நாணயமாகவே தர வழி செய்தார்கள். கொடுக்க ஆரம்பித்தது 2024 ஜூலை. தாமதத்தால் லாபமடைந்த, கடன் கொடுத்தவர்களின் ஒரே கூட்டம் இதுதான் என்று நினைக்கிறேன். ஆகஸ்ட் 1இல் நான் எழுதிய தத்துவத்துக்கு இது விதிவிலக்கு. விதிவிலக்கு என்று ஒத்துக்கொள்கிறேன், தத்துவத்தை விடமாட்டேன்.

செப்டம்பர் 27

நேற்று பூஷன் இறுதித் தீர்ப்பு. ஜே.எஸ்.டபிள்யூ. திட்டம் செல்லும். 2017 ஜூலையில் அனுமதித்த வழக்கு, 2025 செப்டம்பரில் முடிந்தது. 330 நாள் சட்டத்தில் எட்டு வருடம்.

அக்டோபர் 5

ஐந்து மாதமாகத் தள்ளிப்போட்ட பாதி. தனிமனிதர்.

ஐ.பி.சி.யின் மூன்றாம் பகுதி தனிநபர் நொடிப்புக்கானது. எழுதி ஒன்பது வருடம் ஆகிறது. 2019 டிசம்பரில் கம்பெனிகளுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும் அமலாக்கினார்கள். சாதாரண ஆளுக்கு இன்னும் 1909, 1920ஆம் வருடத்துச் சட்டங்கள்தான், வெள்ளைக்காரன் போட்டவை. 1920 சட்டத்தில் மனு போட 500 ரூபாய்க் கடன் போதும், அந்த எண்ணைப் பார்த்தாலே சட்டத்தின் வயது தெரியும். ஐ.பி. கொடுத்தான், மஞ்சக் கடுதாசி கொடுத்தான் என்று நாம் வசவாகச் சொல்வது இதைத்தான். புதுச் சட்டத்தில் ஏழைக் கடனாளிக்குப் 'புதிய தொடக்கம்' என்று ஒரு நல்ல அத்தியாயம் உண்டு. தகுதி: வருட வருமானம் 60,000க்கு மிகாமல், சொத்து 20,000க்கு மிகாமல், கடன் 35,000க்கு மிகாமல். அதுவும் அமலில் இல்லை.

மற்ற இடங்களில்? இங்கிலாந்து, வேல்ஸில் திவாலானவர் பொதுவாக ஒரு வருடத்தில் விடுபடுகிறார். கையில் ஒன்றுமில்லாதவருக்குக் கடன் நிவாரண உத்தரவு தனி. 2024 ஜூனிலிருந்து 50,000 பவுண்டு கடன் வரை, மனுக் கட்டணமும் அந்த ஏப்ரலில் ரத்து. ஜெர்மனி ஆறு வருடத்தை மூன்றாக்கியது, 2020 அக்டோபர் முதல் போட்ட மனுக்களுக்கு. அமெரிக்காவில் 7ஆம் அத்தியாயத்தில் நாலைந்து மாதத்தில் முடிந்துவிடும், ஆனால் கல்விக் கடன் லேசில் கழுத்தைவிட்டு இறங்காது, 'தாங்க முடியாத கஷ்டம்' என்று தனி வழக்குப் போட்டு நிரூபிக்க வேண்டும். சீனாவில் ஷென்சென் நகரத்துக்கு மட்டும் 2021 மார்ச்சில் தனிநபர் சட்டம் வந்தது.

ஆக, நீங்கள் முதலில் கேட்டதற்கு என் பதில்: பெரியவர்களுக்குப் புறவாசல் கட்டியது தப்பில்லை, அது கடன் கொடுத்தவனுக்கும் வழிதான். உங்கள் வீட்டுக்கு வாசலே வரைபடத்தில் மட்டும் இருக்கிறது. கதவு வைக்க அரசிதழில் ஒரு அறிவிக்கை போதும்.

அக்டோபர் 6

மலேசிய வாசகர் கண்டித்திருக்கிறார்: அவர்கள் நாட்டை விட்டுவிட்டேன். அங்கே 1,00,000 ரிங்கிட்டுக்குக் கீழான கடனுக்கு யாரையும் திவாலாக்க முடியாது (சிங்கப்பூரில் 15,000 வெள்ளி). ஆனால் திவாலாகிவிட்டால் அனுமதியில்லாமல் நாட்டைவிட்டு வெளியே போக முடியாது. அவருடைய மச்சான், மகள் கல்யாணத்துக்கு அக்கரை போக ஒப்புதல் கேட்டுக் காத்திருந்ததைத் தனியாக எழுதியிருக்கிறார். அவரே இங்கே எழுதட்டும், நான் சொன்னால் நன்றாக இருக்காது.

அக்டோபர் 12

மே 11 குறிப்பில் 'படிவம் சி' கொடுத்தேன் என்று எழுதியதை ஒரு பட்டயக் கணக்காளர் பிடித்துவிட்டார். சி பாங்க்குகளுக்கானது. பொருள் கொடுத்தவருக்குப் படிவம் பி, ஊழியருக்கு டி, வீடு வாங்கியவருக்கு சிஏ.

பரணில் ஏறிப் பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். நான் முதலில் கொடுத்தது உண்மையிலேயே சி. தீர்வு நிபுணர் ஆபீஸில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பி நிரப்பி மறுபடி கொடுத்தது 88ஆம் நாள்.